மேற்கு ஆஸ்திரேலியாவில் தன்விருப்ப மரண உதவி: ஒருங்கிணைப்பு மருத்துவர் தன் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைப்பது எப்படி

தீரா நோயில் இருப்பவர், தானே கேட்டு, மருந்தின் மூலம் உயிரை முடித்துக்கொள்ளச் சட்டப்படி பெறும் உதவிதான் தன்விருப்ப மரண உதவி. அந்தக் கோரிக்கையை ஏற்று முதல் மதிப்பீட்டிலிருந்து கடைசிவரை நடத்திச் செல்பவர் ஒருங்கிணைப்பு மருத்துவர். அவர் நடுவழியில் விலக வேண்டி வந்தால் நோயாளி கேட்கும் முதல் கேள்வி, "மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்பதுதான். அவர் எந்தக் கட்டத்தில் விலகுகிறார் என்பதைப் பொறுத்து இதற்கான பதில் மாறும். சரியான கட்டத்தில் சரியான ஆளிடம் ஒப்படைத்தால் நோயாளிக்கு ஒரு நாள்கூட வீணாகாது. கொஞ்சம் முந்திவிட்டாலோ, ஆள் மாறிவிட்டாலோ, வாரக்கணக்கில் ஓடிய வேலை கரைந்துபோகும். ஆறு மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று இரண்டு மருத்துவர்கள் சொன்ன ஒருவருக்கு வாரம் என்பது சின்ன அளவு இல்லை.

இங்கே சொல்வதெல்லாம் மேற்கு ஆஸ்திரேலியாவின் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், 2021 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்த விதத்தையும் ஒட்டியது. விக்டோரியா, குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் சட்டங்களும் ஏறக்குறைய இதே அச்சில் வார்த்தவைதான். ஆனால் நாள் கணக்கும் படிவங்களும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்தில் பழகிய கையோடு இன்னொரு மாநிலத்துப் படிவத்தை நிரப்ப உட்காராதீர்கள்.

சொல் விஷயத்தில் ஒன்று. தமிழில் பலர் இதைக் கருணைக்கொலை என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். நோயாளியின் முன்னாலோ குடும்பத்தாரிடமோ அந்தச் சொல் வேண்டாம். இதில் முடிவு முழுக்க நோயாளியுடையது, கேட்பவரும் அவரே, எந்த நிமிடமும் வேண்டாம் என்று சொல்லக்கூடியவரும் அவரே. சட்டமும் அந்த அடிப்படையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எது ஒப்படைப்பு, எது இல்லை

நடைமுறையில் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நான்கு வேறு வேறு காரியங்களை எல்லோரும் ஒரே பெயரில் "மாற்றிவிட்டோம்" என்கிறார்கள்.

முதல் கோரிக்கையை ஏற்க மறுப்பது ஒப்படைப்பு ஆகாது. மருத்துவர் மனசாட்சி காரணமாகவோ, நேரமில்லாமலோ, தகுதியில்லாமலோ மறுக்கலாம். மனசாட்சி காரணம் என்றால் உடனே சொல்லிவிட வேண்டும். மற்றபடி 2 வேலை நாளுக்குள் ஏற்பையோ மறுப்பையோ தெரிவிக்க வேண்டும். மறுத்தாலும் அங்கீகரிக்கப்பட்ட தகவல் தாளை நோயாளி கையில் கொடுக்க வேண்டும், மருத்துவப் பதிவேட்டில் எழுத வேண்டும், இந்தச் சட்டம் நடக்கும் விதத்தைக் கண்காணிக்கும் வாரியத்துக்குப் படிவம் அனுப்ப வேண்டும். அதன்பின் நோயாளி இன்னொரு மருத்துவரிடம் புதிதாக முதல் கோரிக்கை வைப்பார். முதல் மருத்துவருக்கு இதில் பொறுப்பே ஏற்படவில்லை, அதனால் ஒப்படைக்கவும் ஒன்றுமில்லை.

தானே முடிவெடுக்கும் மனத்திறன் இருக்கிறதா, நோயின் போக்கு என்ன என்று ஒரு நிபுணரிடம் கருத்துக் கேட்டு அனுப்புவதும் ஒப்படைப்பு இல்லை. நிபுணர் கருத்தை எழுதித் தருவார், பொறுப்பு அனுப்பியவரிடமே இருக்கும்.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் மையம்: ஒருங்கிணைப்பு மருத்துவரின் பொறுப்பை ஒப்படைத்தல். சட்டத்தின் 157-ஆம் பிரிவு. நான்காவது, மருந்தைச் செலுத்துபவரின் பொறுப்பை ஒப்படைத்தல். அதற்கு வேறு விதி, வேறு படிவம். கீழே தனியாக வருகிறது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருங்கிணைப்புப் பொறுப்பு கைமாறினால் அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள பொறுப்பு மட்டுமே கைமாறுகிறது. நோயாளியின் குடும்ப மருத்துவர், புற்றுநோய் நிபுணர், வலி தணிப்புக் குழு எல்லாம் அப்படியே தொடர்கிறார்கள். "டாக்டர் மாறிட்டார்" என்ற ஒரு வரியைக் கேட்டுவிட்டு, வலி மாத்திரைச் சீட்டை இனி யார் எழுதுவது என்று தெரியாமல் குடும்பம் தவிப்பதுண்டு. ஒப்படைப்பவரே குடும்ப மருத்துவராகவும் இருந்தால், வழக்கமான சிகிச்சையை யார் பார்க்கிறார் என்பதை அன்றைக்கே, ஒரே தாளில், பெயரும் தொலைபேசி எண்ணுமாக எழுதிக் கொடுங்கள்.

வாசல் ஒன்றுதான்

பொறுப்பை நினைத்தவரிடம் கொடுக்க முடியாது. ஆலோசனை மதிப்பீட்டை, அதாவது இரண்டாவது மருத்துவர் தனியாகச் செய்யும் மதிப்பீட்டை முடித்து, நோயாளி தகுதியானவர் என்று எழுதிக் கொடுத்த ஆலோசனை மருத்துவரிடம் மட்டுமே கொடுக்கலாம், அதுவும் அவர் ஏற்றுக்கொண்டால்தான். காரணம் தெளிவு. அவர் நோயாளியைத் தனியாகப் பார்த்துத் தகுதியை உறுதி செய்தவர். சட்டம் கேட்கும் பயிற்சியை முடித்தவர். நோயாளியின் உறவினரோ, அவருடைய மரணத்தால் பணப்பலன் பெறுபவரோ அல்ல என்பது ஏற்கெனவே பார்க்கப்பட்டுவிட்டது. ஒருங்கிணைப்பு மருத்துவருக்கும் ஆலோசனை மருத்துவருக்கும் சட்டம் கேட்கும் தகுதி ஒன்றே, அதனால் பொறுப்பு இடம் மாறும்போது தகுதியில் விரிசல் விழுவதில்லை.

இதிலிருந்து ஒரு கசப்பான உண்மையும் கிளம்புகிறது. ஆலோசனை மதிப்பீடு முடியாதவரை ஒப்படைக்க ஆளே கிடையாது. முதல் மதிப்பீட்டை முடித்துவிட்டு, ஆலோசனைக்கு அனுப்புமுன் ஒருங்கிணைப்பு மருத்துவர் நீண்ட விடுப்பில் போய்விட்டால், நோயாளி வேறொருவரிடம் முதல் கோரிக்கையிலிருந்து தொடங்க வேண்டியதுதான். முதல் கோரிக்கைக்கும் இறுதிக் கோரிக்கைக்கும் நடுவே உள்ள 9 நாள் காத்திருப்பும் புதிதாக எண்ணப்படும். ஆகவே விடுப்பு, அறுவை சிகிச்சை, பணியிட மாற்றம் என்று எதுவாவது கண்ணுக்குத் தெரிந்தால், ஆலோசனைக்கு அனுப்புவதைத் தள்ளிப் போடாதீர்கள். அனுப்பும்போதே ஆலோசனை மருத்துவரிடம், "பிறகு தேவைப்பட்டால் ஒருங்கிணைப்பையும் எடுத்துக்கொள்வீர்களா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அந்தப் பதிலுக்குச் சட்டப்படி எந்தப் பிணைப்பும் இல்லை. ஆனாலும் பிறகு வரும் சிக்கலில் பாதி அந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும். மாநிலம் முழுவதற்குமான வழிகாட்டிச் சேவை ஒன்று இருக்கிறது. பயிற்சி பெற்ற, விருப்பமுள்ள மருத்துவர்களைத் தேடித் தருவது அவர்களுடைய வேலை. ஆள் தேட நீங்களே தனியாக அலைய வேண்டியதில்லை.

படிப்படியாக

ஒப்படைப்பை நோயாளி கேட்கலாம், மருத்துவர் தானாகவும் தொடங்கலாம். மருத்துவர் தொடங்கினாலும் நோயாளியிடம் முதலில் பேசிவிட்டுத்தான் ஆலோசனை மருத்துவரிடம் போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கைமாறிய பிறகு தெரிவித்தால் போதும் என்று படிவ வேலை பார்ப்பவர் நினைக்கலாம். படுக்கையில் இருப்பவருக்கோ, தன்னை நம்பவைத்த ஒருவர் கழன்றுகொண்டார் என்றுதான் படும். பேச்சு இப்படி இருந்தால் போதும்: "அம்மா, உங்க கோரிக்கை அப்படியே இருக்கு. இதுவரைக்கும் எண்ணின நாளும் அப்படியே. போன வாரம் உங்களைப் பார்த்தாரே அந்த டாக்டர், அவர் இனிமே என் இடத்துல இருந்து பார்த்துக்கப் போறார். உங்களுக்கு இதுல சம்மதமா? அவரைப் பத்தி ஏதாவது மனசுல இருந்தா சொல்லுங்க." கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆலோசனை மருத்துவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதைச் சொல்ல நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் இதுவே.

அடுத்து, ஆலோசனை மருத்துவரிடம் முறைப்படி கேளுங்கள், எழுத்தில். கேட்ட தேதியும் நேரமும் பதிவாக வேண்டும், ஏனென்றால் அவர் பதில் சொல்ல வேண்டிய 2 வேலை நாள் அதிலிருந்துதான் ஓடுகிறது. அவர் ஏற்றால், பழைய ஒருங்கிணைப்பு மருத்துவர் செய்ய வேண்டியவை மூன்று: நோயாளிக்குத் தெரிவிப்பது, மருத்துவப் பதிவேட்டில் எழுதுவது, ஏற்ற நாளிலிருந்து 2 வேலை நாளுக்குள் ஒப்படைப்புப் படிவத்தை நிரப்பி வாரியத்துக்கு அனுப்புவது. படிவம் அனுப்பும் கடமை பழையவருடையது, புதியவருடையது இல்லை. "அவர்தானே இனிப் பார்க்கிறார், அவரே அனுப்புவார்" என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் கெடு தாண்டிவிடும். படிவம் அனுப்பத் தவறுவது சட்டப்படி தண்டனைக்குரியது.

வேலை நாள் கணக்கில் ஏமாறாதீர்கள். பெரிய வியாழன் மாலையில் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். வெள்ளி விடுமுறை, சனி ஞாயிறு கணக்கில் இல்லை, ஈஸ்டர் திங்களும் விடுமுறை. முதல் வேலை நாள் செவ்வாய், இரண்டாவது புதன். புதன் மாலை அவர் ஏற்றால் படிவத்துக்கு வெள்ளிவரை நேரம். மனக்கணக்கில் 4 நாள் என்று போட்டது, காலண்டரில் 8 நாள் ஆகிவிடுகிறது. ஆனால் முதல் கோரிக்கையிலிருந்து ஓடும் 9 நாள் அப்படியில்லை. அதில் சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேரும், கோரிக்கை வைத்த நாளும் சேரும். ஒரே தாளில் இரண்டு வகை நாள்களையும் கலந்து எழுதிவிட்டு இறுதிக் கோரிக்கைத் தேதியைத் தப்பாகக் குறிப்பது மறுபடி மறுபடி நடக்கிற பிழை. இரண்டு நிரல் போட்டுத் தனித்தனியாக எழுதுங்கள்.

ஒப்படைப்பு முடிந்ததும் புதியவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். முதல் கோரிக்கை நிற்கிறது, முதல் மதிப்பீடு நிற்கிறது, அவர் செய்த ஆலோசனை மதிப்பீடும் நிற்கிறது. மூன்றாவதாக ஒரு மருத்துவரை இதற்காகத் தேட வேண்டாம்.

கையில் கொடுக்க வேண்டியவை

வாரியத்தின் இணைய அமைப்பில் படிவங்கள் இருக்கின்றன என்பதால் பலர் நோயாளியின் கோப்பைக் கொடுப்பதில் அக்கறை காட்டுவதில்லை. படிவங்கள் சொல்லாதது நிறைய இருக்கிறது. முதல் கோரிக்கை எந்த நாளில், எந்த வார்த்தைகளில் வந்தது, நேரிலா படவழி அழைப்பிலா. நிபுணர் கருத்துக் கேட்டிருந்தால் அந்தக் கடிதம். நோயாளி தன் கோரிக்கையைச் சாட்சிகள் முன் எழுத்தில் தரும் எழுத்து உறுதிமொழி முடிந்திருந்தால் அதன் நகலும், இரண்டு சாட்சிகள் யார், நோயாளிக்கு அவர்கள் என்ன முறை என்ற குறிப்பும். சாட்சி குடும்பத்தவராகவோ, பலன் பெறுபவராகவோ, இந்த இரண்டு மருத்துவர்களில் ஒருவராகவோ இருக்கக் கூடாது. புதியவர் இதைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாப் படிகளும் முறையாக நடந்தனவா என்று பார்க்கும் இறுதி மறுஆய்வில் கையெழுத்துப் போடப்போவது அவர்.

கோப்பை விட முக்கியமானது நேரடிப் பேச்சு. நோயாளிக்கு எந்த நேரத்தில் தெளிவு அதிகம்? காலையில் நன்றாகப் பேசிவிட்டு மாலையில் தடுமாறுகிறாரா? விழுங்குவதில் சிரமம் தொடங்கிவிட்டதா? குடும்பத்தில் யார் இதை எதிர்க்கிறார், யார் முன்னால் நோயாளி வாய் திறப்பதில்லை? பழைய மருத்துவருக்கு இதெல்லாம் பழகிப் பழகித் தெரிந்திருக்கும், எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை. மனத்திறன் கைவிட்டுப் போனால் இறுதிக் கோரிக்கையே வைக்க முடியாது. மருத்துவர் செலுத்தும் முறையில் அந்த நேரத்திலும் திறன் இருக்க வேண்டும். ஆகவே மாலைத் தடுமாற்றம் என்ற ஒரு குறிப்பு, சந்திப்பைக் காலை பத்து மணிக்கு வைக்கச் சொல்கிறது, அதில் எல்லாமே அடங்கியிருக்கலாம்.

ஆலோசனை மருத்துவர் ஏற்காவிட்டால்

அவர் மறுத்தால் வழி அடைபடவில்லை, ஆனால் குறுகுகிறது. ஒருங்கிணைப்பு மருத்துவர் நோயாளியை இன்னொரு மருத்துவரிடம் மேலும் ஒரு ஆலோசனை மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். அவர் அதை ஏற்று, மதிப்பிட்டு, நோயாளி தகுதியானவர் என்று கண்டு, பொறுப்பையும் ஏற்றால் அவரிடம் ஒப்படைக்கலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புதிய மருத்துவர் அந்த அனுப்புதலை ஏற்ற கணமே, மறுத்தவர் செய்திருந்த ஆலோசனை மதிப்பீடு செல்லாததாகிவிடும். புதியவர் மதிப்பீட்டை முடிக்கும்வரை நோயாளியிடம் செல்லுபடியாகும் ஆலோசனை மதிப்பீடு ஒன்றுமே கிடையாது. இடையில் அந்த மருத்துவர் நோய்வாய்ப்பட்டாலோ, மதிப்பீட்டுக்குப் பின் பொறுப்பு வேண்டாம் என்றாலோ, நிலைமை முன்பைவிட மோசம். அதனால் அனுப்புமுன்பே மூன்று விஷயங்களை அவரிடம் உறுதி செய்யுங்கள்: பயிற்சியை முடித்துவிட்டாரா, எந்தத் தேதியில் நோயாளியைப் பார்க்க முடியும், தகுதி என்று கண்டால் ஒருங்கிணைப்பை எடுத்துக்கொள்ள மனம் இருக்கிறதா. மூன்றில் ஒன்றுக்குத் தயக்கம் என்றாலும் அனுப்புதலை அனுப்பாதீர்கள், வேறு ஆள் பாருங்கள். எழுத்து உறுதிமொழி ஏற்கெனவே வாங்கியிருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. ஆலோசனை மதிப்பீட்டுக்குப் பின் வருவதுதான் உறுதிமொழி. ஆகவே அதை மறுபடி எழுதி வாங்க வேண்டுமா என்று வாரியத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள்.

மருந்து செலுத்தும் பொறுப்பு

நோயாளி, மருத்துவர் செலுத்தும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், இயல்பாக ஒருங்கிணைப்பு மருத்துவரே செலுத்துபவரும் ஆவார். மருந்துச் சீட்டு எழுதிய பிறகு அவரால் முடியவில்லை என்றாலோ மனம் ஒப்பவில்லை என்றாலோ, அந்த ஒரு பொறுப்பை மட்டும் வேறொருவரிடம் கொடுக்கலாம். காரணம் எதுவாகவும் இருக்கலாம், சட்டம் கேள்வி கேட்பதில்லை. இங்கே வாசல் அகலமானது. ஆலோசனை மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, தகுதியும் பயிற்சியும் உள்ள வேறு மருத்துவர் ஏற்கலாம். 2 ஆண்டு அனுபவம் உள்ள நர்ஸ் பிராக்டிஷனரும் (கூடுதல் தகுதி பெற்ற செவிலியர்) பயிற்சி முடித்திருந்தால் ஏற்கலாம். மருத்துவர்கள் அரிதான தொலைதூரப் பகுதிகளில் இந்த ஏற்பாடு பெரிய துணை.

நோயாளிக்குப் புதியவரின் பெயரும் தொடர்பு விவரமும் போக வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், வாரியத்துக்கு 2 வேலை நாளுக்குள் படிவம் போக வேண்டும். மருந்து பழையவர் கையில் ஏற்கெனவே வந்திருந்தால் அதைப் புதியவரிடம் ஒப்படைக்கச் சட்டமே அனுமதி தருகிறது. கொடுத்ததையும் வாங்கியதையும் தேதி, நேரத்தோடு இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். மாநில மருந்தகச் சேவைக்கும் அன்றே தெரிவியுங்கள். மருந்து இன்னும் வராத நிலை என்றால், அவர்களிடம் பேசாமல் எந்தத் தேதியையும் குடும்பத்துக்குச் சொல்லாதீர்கள்.

செலுத்துபவர் மாறினாலும் ஒருங்கிணைப்பு மருத்துவர் ஒருங்கிணைப்பு மருத்துவரே. அந்தக் கடமை இதில் கழலாது.

அதிகம் பேர் மறந்துவிடும் ஒன்று: அன்றைக்கு உடனிருக்கும் சாட்சி. அவர் செலுத்துபவரின் குடும்பத்தவராகவோ அவரிடம் வேலை பார்ப்பவராகவோ இருக்கக் கூடாது. முன்பு ஏற்பாடு செய்த சாட்சி பழையவருக்கு அந்நியராக இருந்திருப்பார், புதியவரின் கிளினிக்கில் ஊழியராக இருக்கலாம். செலுத்துபவர் மாறியவுடனே சாட்சி யார் என்று மறுபடி பாருங்கள். வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகு இது தெரியவந்தால், விடைபெறத் திரண்டிருக்கும் குடும்பத்துக்கு அதைவிடக் கொடுமை இல்லை.

மொழி மாறும்போது

தமிழ் பேசும் மருத்துவர், தமிழ் மட்டுமே வசதியாகப் பேசும் நோயாளியை, தமிழ் தெரியாத மருத்துவரிடம் ஒப்படைக்கிறார் என்றால் ஒரு புதிய ஆள் தேவைப்படுகிறார்: மொழிபெயர்ப்பாளர். அவர் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். குடும்பத்தவர் கூடாது, பலன் பெறுபவர் கூடாது, நோயாளிக்குச் சிகிச்சையோ பராமரிப்போ செய்பவரும் கூடாது. வீட்டில் மகளோ மருமகனோ அழகாக மொழிபெயர்த்தாலும் சட்டப்படி அது எடுபடாது. இதுவரை இரண்டு பேர் இருந்த அறையில் மூன்றாவதாக ஒருவர் உட்காரப்போகிறார் என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். நம் சமூகம் சிறிது, வரும் மொழிபெயர்ப்பாளர் கோயிலில் பார்த்த முகமாக இருந்துவிட்டால் நோயாளி வாயை மூடிக்கொள்வார். பெயரை முன்பே சொல்லி, வேண்டாம் என்றால் வேறு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். முதல் மருத்துவர் பேசிய சொற்களை, நோயாளி தன் நோய்க்கும் சாவுக்கும் பயன்படுத்தும் சொற்களை, ஒரு சின்னப் பட்டியலாக எழுதி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் பேச்சு தடங்காது.

தொலைபேசி, மின்னஞ்சல், படவழி அழைப்பு

மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கூட்டாட்சியின் குற்றவியல் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2023 நவம்பர் 30 அன்று ஃபெடரல் நீதிமன்றம், அந்தச் சட்டத்தில் தற்கொலை என்று வரும் சொல் மாநிலச் சட்டங்களின் கீழ் நடக்கும் தன்விருப்ப மரணத்தையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தது. அதாவது தொலைபேசி, இணையம் வழியாக அதைத் தூண்டுவதோ முறையை விளக்குவதோ குற்றமாகக்கூடும். சந்திப்பு நேரம் குறிப்பது, ஒப்படைப்பை ஏற்கிறீர்களா என்று கேட்பது போன்ற நிர்வாகப் பேச்சை இந்த வகையிலிருந்து தள்ளியே வையுங்கள். மருந்தைப் பற்றியும் செலுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டியதெல்லாம் நேரில், அல்லது காகிதத்தில் கைக்குக் கை. தொலைதூர ஊர்களில் இது பெரும் பாரம்தான். பயணச் செலவுக்கென்று பிராந்திய உதவித் திட்டம் இருக்கிறது, வழிகாட்டிச் சேவையிடம் கேளுங்கள். வசதிக்காக மின்னஞ்சலில் ஒரு பத்தி எழுதிப் புதியவரை ஆபத்தில் மாட்டிவிடாதீர்கள்.

ஒப்படைத்த பிறகு

நோயாளி தானே அருந்தும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அவருக்கு ஒரு தொடர்பு நபர் இருப்பார். நோயாளி இறந்தால் அதை ஒருங்கிணைப்பு மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டியவர் அவர். அவர் கையிலிருக்கும் தாளில் பழைய மருத்துவரின் எண்ணே இருக்கும். அதை மாற்றிக் கொடுங்கள், பழைய எண்ணை அடித்துவிட்டு மேலே எழுதாமல் புதுத் தாளாகவே கொடுங்கள். இரவில், பதற்றத்தில், அடித்த எண்ணையே அழைப்பார்கள்.

இறப்புத் தெரிந்ததும் 2 வேலை நாளுக்குள் வாரியத்துக்குத் தெரிவிப்பது இப்போது புதியவர் கடமை. இறப்புக் காரணச் சான்றிதழில் தன்விருப்ப மரண உதவி பற்றிய குறிப்பு எதுவும் வரக் கூடாது, அடிப்படை நோயே காரணமாக எழுதப்பட வேண்டும். சான்றிதழை எழுதப்போவது வேறொரு மருத்துவர் என்றால் இதை அவருக்கு முன்பே சொல்லி வையுங்கள். பழைய மருத்துவரின் கிளினிக் வரவேற்பில் ஒரு குறிப்பும் இருக்கட்டும்: இந்தக் குடும்பம் அழைத்தால் காத்திருக்க வைக்காமல், புதிய மருத்துவரின் பெயரையும் எண்ணையும் உடனே சொல்லிவிட வேண்டும் என்று.